நெல்லில் பாதி கேட்ட அரண்மனை... முறையை மாற்றிய திவான்!

வயலில் கதிர் முற்றி நிற்கும். ஆனால், விவசாயி நினைத்த நேரத்தில் அரிவாள் வைக்க முடியாது. சர்க்கார் ஆட்கள் வர வேண்டும். விளைச்சலில் பாதி அரண்மனைக்குப் போகும். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இதற்கு 'அமானி' முறை என்று பெயர்.

நெல்லை யாரும் திருடாமல் பார்க்கக் கங்காணிகள். அந்தக் கங்காணிகளே திருடாமல் பார்க்க இன்னும் சிலர். இவர்களுக்குச் சம்பளம் சொற்பம். பிறகு நெல் எங்கே போயிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நிலம் தன்னுடையது இல்லை என்பதால், பருவத்தில் உழுது பயிர் வைக்க விவசாயிக்கும் மனம் வரவில்லை. சமஸ்தானமோ கடனில் மூழ்கிக் கிடந்தது.

1878-ல் இங்கே நிர்வாகத்தை ஏற்க வந்தார் சேஷையா சாஸ்திரி. தஞ்சைப் பக்கம் அமராவதி கிராமத்தில் 1828-ல் பிறந்தவர். சென்னையில் பவல் என்ற ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்தவர். அதே ஆசிரியரிடம் படித்த மாதவராவ், ராமய்யங்கார் இருவருமே திவான்கள் ஆனார்கள்! சாஸ்திரியும் ஏற்கெனவே திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர்தான். 50 வயதில், அதைவிடச் சின்ன சமஸ்தானத்துக்கு வந்தார்.

வந்ததும் கைவைத்தது அமானியில். நெல் பங்குக்குப் பதிலாகப் பணமாக நிலவரி. நிலத்தில் விவசாயிக்கு நிலையான உரிமை. இனி அறுவடைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். மழையை நம்பிய சீமையில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பங்கு முறையில் விளைச்சல் குறைந்தால் அரண்மனைப் பங்கும் குறையும்; பணவரி அப்படித் தானாகக் குறையாது. ஆனாலும் தன் உழைப்பின் பலன் தனக்கே என்ற நிலைமை, பாதிப் பங்கைவிட எவ்வளவோ மேல். 1888-ல் இனாம் நிலங்களையும் ஒழுங்குபடுத்தினார்.

இன்று புதுக்கோட்டைவாசிகள் பார்க்கும் புதுக்குளமும் பல்லவன்குளமும் அவர் காலத்தில் செப்பனிடப்பட்டவைதான். ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

1886-ல் மன்னர் ராமச்சந்திர தொண்டைமான் காலமானபோது, வாரிசான மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சிறுவன்தான். சிறுவன் வளரும்வரை ஆட்சிப் பொறுப்பு முழுவதும் சாஸ்திரியின் கையில். எட்டு ஆண்டுகள்! 1894-ல் அதிகாரத்தை இளம் மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுபெற்றார். 1902-ல் அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது. மறுவருடம் அவர் காலமானார்.