மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன்: போகும் முன்பும் வந்த பின்பும் கவனிக்க வேண்டியது என்ன?

"வயித்துல சின்ன கட்டி, எடுத்தாச்சு." ஆபீஸில் லீவு கேட்க இந்த ஒரு பொய் போதும். மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் பலர் உண்மைக் காரணத்தை வெளியே சொல்வதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் திரும்பிய இடமெல்லாம் தெரிந்த முகம். அதனால் கோவைக்கோ பெங்களூருக்கோ போய் முடித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று தோன்றும்.

ரகசியமாக வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. ஆனால் ஒருவருக்குக்கூடச் சொல்லாமல் போனால், ஆபத்தில் கூப்பிட ஆள் இருக்காது.

இது பணக்காரர்கள் சமாச்சாரமா?

2018 பிப்ரவரியில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கான இலவச கிளினிக் தொடங்கப்பட்டது. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர். உயிர் காக்கும் சிகிச்சைக்கு அல்லவா அரசுப் பணம் முதலில் போக வேண்டும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. இரண்டு மார்பகமும் வெவ்வேறு அளவில் இருப்பவர்கள், புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள், திருநங்கைகள் எனத் தேவைகள் பலவிதம்.

யாரிடம் போவது?

'காஸ்மெட்டிக் கிளினிக்' என்ற போர்டை மட்டும் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, மயக்க மருந்து நிபுணர் உடன் இருப்பாரா, அவசரத்துக்கு ஐ.சி.யூ. உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேள்விக்கு எரிச்சல்படும் இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

பணமும் முக்கியம். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் நிலைமை வேறு. பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்

* ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., வயதுக்கு ஏற்ப மார்பக ஸ்கேன் அல்லது மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள்.
* சிகரெட் பழக்கம் இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை, காயம் ஆறுவதைக் கெடுக்கும்.
* ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து என எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.
* கடைசி உணவு எப்போது என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார். பால் காபியும் உணவுக் கணக்கில்தான் வரும்!

முதல் ஆறு வாரம்

ஆபரேஷன் பெரும்பாலும் 1 முதல் 2 மணி நேரத்தில் முடியும். அன்றே டிஸ்சார்ஜ் ஆனாலும் அன்றிரவே ஊருக்குக் கிளம்பாதீர்கள். ரத்தக் கசிவு ஏற்பட்டால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் தெரியும். முதல் பரிசோதனை முடியும்வரை மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது.

முதல் சில நாள் நெஞ்சு இறுக்கமாக, பாரமாக இருக்கும். தலையணை உயர்த்தி மல்லாந்து படுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டியை எடுத்துவையுங்கள். கையைத் தூக்கி உடை மாற்றுவது கஷ்டம். கம்ப்யூட்டர் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஜிம், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் 4 முதல் 6 வாரத்துக்கு வேண்டாம். டாக்டர் சரி என்ற பிறகே ஸ்கூட்டி.

நம்ம ஊர் வெயிலில் வியர்வை தாங்காமல் சர்ஜிக்கல் பிராவைக் கழற்றி வைக்கத் தோன்றும். கழற்றாதீர்கள், மாற்றிப் போட இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்காகும். இரண்டாம் வாரமே கண்ணாடி முன் நின்று கவலைப்பட வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், காய்ச்சலோடு சிவந்து சீழ் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை ரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்; 108-ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் டியூட்டி டாக்டரிடம் ஆபரேஷனை மறைக்காதீர்கள்.

ஒருமுறை செய்தால் முடிந்ததா?

இல்லை. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் தாங்கும் பொருள் அல்ல. கிழியலாம், சுற்றியுள்ள திசு இறுகி வலிக்கலாம், மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படலாம். அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சில இம்ப்ளான்ட்களை அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உங்களுக்கு வைத்தது எந்த நிறுவனத்தின் எந்த ரகம் என்பது தெரிந்தால்தான் இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது சுதாரிக்க முடியும். சீரியல் எண் உள்ள இம்ப்ளான்ட் கார்டைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள்.

சிலிக்கான் இம்ப்ளான்ட் என்றால் 5 அல்லது 6 ஆண்டு கழித்து முதல் ஸ்கேன், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை.

லீவு லெட்டரில் என்ன காரணம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவோ தோழியோ ஒருவருக்காவது உண்மை தெரியட்டும். அந்த இம்ப்ளான்ட் கார்டின் படத்தை அவருக்கும் அனுப்பி வையுங்கள்.