கால் இழந்தவர் மீண்டும் நடப்பதற்கு: முழங்காலை நிமிர்த்தி வைத்திருங்கள்

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் காயமடைந்த பலருக்கு மிக அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. சிலருக்கு புதுமாத்தளனிலேயே நடந்தது. வேறு சிலர் கப்பலில் ஏற்றப்பட்டு, திருகோணமலையிலோ புல்மோட்டையிலோ சிகிச்சை பெற்றார்கள். காயம் முற்றாக ஆறுவதற்கு முன்பே முகாமுக்கு வந்தவர்களும் உண்டு. அங்கே பயிற்சி செய்ய வசதியான இடமும் இருக்கவில்லை.

இப்போது நீங்கள் ஊர் திரும்பியிருக்கிறீர்கள். வெட்டிய இடத்துக் காயம் மாறியிருக்கும். ஆனால் மிஞ்சிய கால், முழங்காலில் மடங்கியபடியே இறுகிப் போயிருக்கலாம். செயற்கைக்கால் செய்யும் இடத்தில் முதலில் பார்க்கும் விடயங்களில் இதுவும் ஒன்று. முழங்கால் ஓரளவுக்கு நிமிர்ந்தால்தான் உடற்பாரம் செயற்கைக்காலுக்குள் ஒழுங்காக இறங்கும். கொஞ்சம் மடங்கியிருந்தால் செய்பவர் அதற்கேற்பச் சரிப்படுத்திக் கொள்வார். நன்றாக மடங்கி இறுகிவிட்டால், எவ்வளவு நல்ல கால் செய்து தந்தாலும் அது மூலையில்தான் இருக்கும்.

இந்த இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் அன்புதான். நோகிறது என்று பிள்ளை சொன்னவுடன் தாய் ஒரு தலையணையைக் காலுக்குக் கீழே வைத்து விடுகிறாள். மடித்து வைத்தால் நோவு குறையும், உண்மை. ஆனால் முழங்காலுக்குப் பின்னாலுள்ள தசைநார்கள் அந்த நிலையிலேயே குறுகிவிடும். ஆகவே தலையணை வேண்டாம். கதிரையிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கும்போதும் காலைத் தொங்க விடாமல், ஒரு பலகையை இருக்கைக்கு வெளியே நீட்டி, அதன்மேல் நேராக வையுங்கள். ஊன்றுகோலின் கைப்பிடியில் மிஞ்சிய காலைத் தாங்கி நிற்கும் பழக்கமும் கூடாது.

பயிற்சிக்குப் பாயும் தரையும் போதும். பாயில் காலை நீட்டி இருந்து, முழங்காலின் பின்புறத்தைத் தரையோடு அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு குப்புறப் படுங்கள். முகத்தை நல்ல கால் இருக்கும் பக்கம் திருப்பி, 20 நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். இது இடுப்பு மூட்டு மடங்கி இறுகாமல் காக்கும். முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டவர்களுக்கு இதைவிட முக்கியமான பயிற்சி இல்லை. காயம் இன்னும் திறந்திருந்தால், அல்லது எலும்பு முறிவும் இருந்தால், வைத்தியரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

மாதக்கணக்காக இறுகிய மூட்டு இரண்டு நாளில் நிமிராது. எண்ணெய் பூசி, ஆள் பிடித்து இழுத்து நிமிர்த்த யாரையும் விடாதீர்கள்.

மிஞ்சிய காலின் வீக்கம் வற்றுவதற்கு இழுபடும் பண்டேஜ் சுற்றுவார்கள். அதை வளையம் வளையமாகச் சுற்றக்கூடாது. 8 என்ற இலக்கம்போல் சாய்வாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். வலித்தாலோ விறைத்தாலோ உடனே அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள்.

இல்லாத காலில் நோவோ கடியோ தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மனம் குழம்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். நரம்புகளால் வரும் உண்மையான நோவு அது. மிஞ்சிய காலை மெல்லத் தடவுவதும் துணியால் தேய்ப்பதும் பலருக்கு ஆறுதல் தரும். நித்திரை கெடும் அளவுக்கு நொந்தால் மருந்து உண்டு, வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இயன்மருத்துவர் எந்த நாட்களில் இருப்பார் என்பதை உங்களுக்கு அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக்கால் செய்து வருகிறது. அந்தப் பெயர் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலிருந்து வந்தது. அங்கே ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் 1960களின் கடைசியில் அந்த றப்பர்ப் பாதத்தை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களையும் நிலத்தில் குந்தியிருப்பவர்களையும் மனதில் வைத்துச் செய்த பாதம் அது.

ஒரு தடவை கால் கிடைத்தால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு அடிக்கடி கால் மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு இரவும் செயற்கைக்காலைக் கழற்றி, மிஞ்சிய காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டாலும், தோல் உரிந்திருந்தாலும், அது மாறும்வரை காலை அணியாமல் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

அளவெடுக்கப் போகும் நாளில் கிளினிக் கொப்பியையும், வைத்தியசாலையில் தந்த அட்டைகளையும், எக்ஸ்ரே படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெண்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். வழக்கமாகப் போடும் செருப்பை மறக்காதீர்கள். குதியின் உயரத்தைப் பார்த்தே காலைச் சரிப்படுத்துவார்கள். ஆகவே சோடியில் இரண்டையும் கொண்டு போங்கள்.