மரபணுப் பரிசோதனையும் உரையாடல் மென்பொருளும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு தாயிடம் மருத்துவர், "நீங்கள் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம்," என்கிறார். நோய்தான் வந்துவிட்டதே, இனிப் பரிசோதனை எதற்கு? மகளுக்கும் இந்நோய் வருமா? மருத்துவரின் அறையில் இருக்கும் சில நிமிடங்களில் இவற்றையெல்லாம் கேட்க முடிவதில்லை. வீடு திரும்பிய பிறகு, இரவில்தான் கேள்விகள் ஒவ்வொன்றாக எழுகின்றன.

புற்றுநோய்களுள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு, பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தோடு தொடர்புடையவை. 1990-களில் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயிரணுவில் சேதமடையும் டிஎன்ஏ-வைச் சீர்செய்ய உதவுவது அவற்றின் பணி. அப்பணி தடைப்பட்டால் மார்பகம், சூலகம் போன்ற உறுப்புகளில் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இம்மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு 50 விழுக்காடு. மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும்தான்! ஆனால், மாற்றத்தைப் பெற்ற அனைவருக்கும் நோய் வருவதில்லை. நோயாளிக்கும் இப்பரிசோதனை பயன்படுகிறது. சில மருந்துகள் இம்மாற்றம் உள்ளவர்களுக்கே சிறப்பாகப் பலனளிக்கின்றன.

இவற்றைப் பொறுமையாக விளக்குபவர் மரபணு ஆலோசகர். பல நாடுகளில் அவர்களின் எண்ணிக்கை போதவில்லை. இங்குதான் சாட்போட் எனப்படும் உரையாடல் மென்பொருள் துணைக்கு வருகிறது. கைப்பேசிக்கு வரும் இணைப்பைத் தொட்டால், அது சிறுசிறு செய்திகளாக விளக்கத் தொடங்கும். விரும்பிய கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. இத்தகைய பல மென்பொருள்கள் வல்லுநர்கள் முன்கூட்டியே எழுதிச் சரிபார்த்த விடைகளையே தருகின்றன. தானாகவே விடைகளை உருவாக்கும் புதிய வகை மென்பொருள்களோ சில வேளைகளில் தவறானதையும் உறுதியாகச் சொல்லிவிடும். மருத்துவத்தில் அது ஆபத்தானது.

அமெரிக்காவில் யூட்டா, நியூயார்க் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய ஓர் ஆய்வில் 3,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அவர்கள் நோயாளிகள் அல்லர். குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு உடையவர்கள். மென்பொருளிடம் விளக்கம் பெற்றவர்களும் ஆலோசகரிடம் விளக்கம் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பரிசோதனை செய்துகொண்டதாக 2024-இல் வெளியான முடிவு காட்டியது.

கைப்பேசியில் படித்துப் பழகாத முதியவர்களுக்கு இம்முறை எளிதன்று. மேலும், மரபணு மாற்றம் இருப்பதாக முடிவு வந்துவிட்டால், அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அந்தத் தாய் கேட்பார். அப்போது அவர் எதிரில் ஆலோசகர் அமர்ந்திருக்க வேண்டும்.