மேம்படுத்தல் பாதியில் நின்றால்...

மல்லாவியில் இன்று பல வீடுகளில் கணனி இருக்கிறது. பெரும்பாலும் கைமாறி வந்த பழைய கணனிதான். பிள்ளைகளின் படிப்பு, சங்கக் கணக்கு, விண்ணப்பக் கடிதம் எல்லாம் அதற்குள்தான். மின்னிணைப்பே இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் ஓட்டிக் கணனி படித்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். எனவே கணனி எமக்குப் புதிதல்ல. அது பழுதாகும்போது என்ன செய்வது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

நான் வீட்டில் தட்டெழுத்து வேலை செய்கிறேன். என் கணனியில் அந்த உழைப்பை விடப் பெறுமதியான ஒன்றும் இருக்கிறது. 2009இல் காணாமற்போன என் கணவருக்காக நான் கொடுத்த முறைப்பாடுகள், பற்றுச்சீட்டுகள், அவருடைய ஒரேயொரு படம் ஆகியவற்றை அதில் ஸ்கான் செய்து வைத்திருக்கிறேன். அந்தப் படத்தின் தாள் மழையில் நனைந்து அழிந்துவிட்டது.

வின்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14.10.2025 உடன் நிறுத்தப்பட்டன. அதனால் கணனி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருக்கும். அதனால் மகன் ஒரு பின்னேரம் வின்டோஸ் 11க்கு மாற்றத் தொடங்கினான். பாதி வழியில் இடி மின்னலோடு மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது கறுப்புத் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது. “போமற் அடித்தால் சரி” என்றார் ஒரு கணனி திருத்துபவர். போமற் அடித்தால் உள்ளே இருப்பவையும் போய்விடும். நான் மறுத்துவிட்டேன்.

வட்டம் சுற்றும்போது ஆளியை அழுத்தக் கூடாது. மேம்படுத்தல் முறிந்தால் வின்டோஸ் பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். நாங்கள் இரவு வரை காத்திருந்தோம். பழைய வின்டோஸ் 10 திரும்பி வந்தது. அப்படி வராவிட்டாலும் கோவைகள் அழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணனியில் இணைத்துப் பிரதி எடுக்கலாம்.

மறுநாள் முதல் வேலையாகப் பிரதி எடுத்தேன். ஒன்று பென்ட்ரைவில், மற்றொன்று தங்கையின் கணனியில். அங்கே திறந்து பார்த்தபோது படங்கள் சரியாக இருந்தன. ஆனால் கடிதங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. அவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. பாமினியில் வேலை செய்பவர்கள் எழுத்துருக் கோவையையும் சேர்த்தே பிரதி எடுங்கள். இனி எழுதுவதை யுனிகோட்டில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

மீண்டும் முயல்வதற்கு முன் இவற்றைப் பார்த்தோம்:

1. கணனி பொருந்துமா? வின்டோஸ் 11க்குக் குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும். இன்ரெல் செயலியாயின் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் தேவை. சில கணனிகளில் அது இருந்தும் பயோஸ் அமைப்பில் நிறுத்தப்பட்டிருக்கும்.

2. இடம் உண்டா? 80070070 என முடியும் பிழை இலக்கம் வந்தால் வன்தட்டில் இடம் போதாது என்பது பொருள். 20 கிகாபைட்டாவது வெறுமையாக இருப்பது நல்லது.

3. அச்சியந்திரம், பென்ட்ரைவ் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள்.

4. மழை நாளில் தொடங்க வேண்டாம். யூ.பி.எஸ். இருந்தாலும் அது சில நிமிடங்களே தாங்கும். மடிக்கணனியாயின் பற்றறியை நிரப்பி, மின்னிலும் இணைத்து வையுங்கள்.

இரண்டாம் முறை காலையில் தொடங்கினோம். மதியத்துக்குள் முடிந்தது. புதியது ஒத்துவராவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதி உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள்.

உங்கள் கணனி பொருந்தாவிட்டால் கடன்பட்டுப் புதியது வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளங்கள் பழைய கணனிகளிலும் ஓடும். அவற்றில் தமிழிலும் எழுதலாம்.

சகோதரிகளே, எங்களில் பலருக்குக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் உறவுகளின் படங்களும் இடம்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியவற்றை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கணனியில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும். இந்த வாரமே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.