நாற்றம் நின்றால் நல்லதல்ல!

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்துகிற வெளியூர்க்காரரைப் பார்த்து நாம் சிரிப்போம். "நமக்குப் பழகிப்போச்சு" என்போம். இந்தப் பழக்கம்தான் ஆபத்து என்பது, பயிற்சிக்காக ஒரு டேனரிக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். வாயு விபத்துக்கோ சுவர் இடியக்கூட வேண்டாம்.

தோலில் முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். பிக்கிளிங்கில் உப்பும் கந்தக அமிலமும். இரண்டின் கழிவுநீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கசடு நாள்கணக்கில் தேங்கினால் அமிலம் இல்லாமலேயே பாக்டீரியா அதைத் தயாரித்துவிடும். 1 பிபிஎம்முக்குக் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்னுடுச்சே என்று உள்ளே இறங்குகிறவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும்தான்.

காற்றின் மூலக்கூறு எடை சுமார் 29, இதற்கு 34. மார்கழி விடியலில் காற்று அசையாமல் நிற்கும்போது வாயு தொட்டிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். ஆகவே புளோயரின் உறிஞ்சு குழாய் கழிவுநீர் மட்டத்துக்குச் சற்று மேல்வரை இறங்கியிருக்கணும்.

நான் போன இடத்தில் புளோயர் சத்தம் ஜோராகக் கேட்டது. ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர், "சத்தத்தை நம்பாதே தம்பி" என்று தொட்டியருகே குழாயில் மாட்டியிருந்த யூ டியூபைக் காட்டினார். கலர் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டம்! இழுவையே இல்லை. தொட்டியின் ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராக மாறி, தொய்ந்திருந்த வளைவில் தேங்கி அடைத்திருந்தது. (அமெரிக்காவில் வீட்டுக்கடியிலிருந்து ரேடான் வாயுவை இழுக்கும் குழாயிலும் இதே யூ டியூப்தான், குளிர்காலத்தில் இதே தொல்லைதான்.)

அண்ணன் கிளாம்ப் போட்டு, குழாயைத் தொட்டிப் பக்கம் சரிவாகத் தூக்கிக் கட்டினார். இனி நீர் தானாகத் தொட்டிக்கே வடிந்துவிடும். அடைப்பு குழாயின் வாயிலேயே இருந்தால் மட்ட வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடும். அதனால் சரியாக ஓடும் நாளிலேயே மட்டத்தைக் கோடு போட்டு வைக்கணும். மோட்டாரின் செம்பு இணைப்புகள் கறுத்திருந்தால் வாயு அங்கேயும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

புளோயர் ஓடுகிறது என்பதற்காக உள்ளே இறங்கிவிடக் கூடாது. கசடைக் கிளறினால் வாயு புதிதாகக் கிளம்பும். 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தரணும், இல்லையென்றால் மூச்சுக்கருவியும் கயிறு பூட்டிய பெல்ட்டும் வேணும் என்றது. கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில்.