அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

"பிரஷர் சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?" புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் எழும் கேள்வி இது. அளவு சரியாக இருப்பது பெரும்பாலும் மாத்திரையின் பயனே. நிறுத்தினால் இரத்த அழுத்தம் மீண்டும் உயரக்கூடும். தலைவலியோ மயக்கமோ வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்க வேண்டா. சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாகிவிடுகிறது.

வீட்டில் அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளந்து, குறித்து வாருங்கள். அளவு 135/85 அல்லது அதற்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும்.

எடை குறைந்து அழுத்தமும் தணிந்தால், சிலருக்கு மருந்தைக் குறைக்க இயலும். அம்முடிவை மருத்துவரோடு சேர்ந்தே எடுங்கள்.