பெண் கேட்டு ஒரு கடிதம்!

பெண் கேட்டுப் போகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். "பையனுக்கு பாங்க்ல வேலை. சொந்த வீடு. சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. உங்க பொண்ணைக் கண்ணுல வச்சுப் பார்த்துப்பான்!" வீட்டின் மேல் பதினெட்டு லட்சம் லோன் இருப்பதும், பையனுக்கு வருஷம் பூரா தும்மல் இருப்பதும் மூன்று முடிச்சு விழுந்த பிறகுதான் மெள்ள வெளியே வரும். லோக வழக்கம் அது.

1810-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மாணவர் பெண்ணின் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அதன் சாராம்சத்தைக் கேளுங்கள்.

ஐயா, வருகிற வசந்த காலத்தில் உங்கள் மகளை அழைத்துப் போக விரும்புகிறேன். அதன் பிறகு இந்த உலகத்தில் நீங்கள் அவளைப் பார்க்க முடியாது. கடல் பயணம் ஆபத்தானது. இந்தியாவின் தட்பவெப்பம் உயிரைக் குடிக்கக் கூடியது. பற்றாக்குறை, அவமானம், துன்புறுத்தல் எல்லாம் உண்டு. கொலையானாலும் ஆகலாம். ஏசுவுக்காக இதற்கெல்லாம் சம்மதிப்பீர்களா?

எப்படி? நம்ம ஊராக இருந்தால் காப்பி டம்ளர் பறந்திருக்கும்!

எழுதியவர் அடோனிராம் ஜட்சன். வயசு இருபத்திரண்டுகூட முழுசாக ஆகியிருக்குமோ என்னவோ. பெண், பிராட்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த ஆன் ஹாசல்டைன். பள்ளிக்கூட டீச்சர். கடிதத்தைப் படித்த அப்பா, ஆளை அனுப்பி உதைக்கவில்லை. "நீயே முடிவு பண்ணிக்கோம்மா" என்று மகளிடமே விட்டுவிட்டார். மகள் சரி என்றுவிட்டார்!

நான் பி.காம். படித்தவன். எதைப் படித்தாலும் கையில் கற்பனையாக ஒரு பேரேடு விரிந்துவிடும். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இந்தக் கடிதத்தைப் போல நஷ்டக் கணக்கை முன்கூட்டியே எழுதி நீட்டிய ஆசாமியை நான் பார்த்ததில்லை. அதனால் அந்தக் கணக்கு கடைசியில் 'டாலி' ஆனதா என்று பார்க்கும் ஆசை வந்தது.

ஜட்சன் ஒரு பாதிரியாரின் மகன். 1807-ல் பிரவுன் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறினார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பையன் மனசில் நடந்ததோ வேறு. கல்லூரியில் ஜேகப் ஈம்ஸ் என்று ஒரு உயிர் நண்பன். 'கடவுள் இருக்கலாம், பைபிள் வேதம் எல்லாம் சும்மா' என்கிற கட்சி. ஜட்சனும் அதே கட்சியில் சேர்ந்தார். வீட்டில் சொன்னதும் அம்மா அழுது தீர்த்தார்.

1808-ல் ஊர் சுற்றக் கிளம்பியவர், ஒரு இரவு வழியில் ஒரு சத்திரத்தில் தங்கினார். பக்கத்து அறையில் யாரோ ஒரு இளைஞர் சாகக் கிடந்தார். ராத்திரி முழுக்க முனகல். காலையில் விசாரித்தால், ஆள் போய்விட்டார். பெயர்? ஜேகப் ஈம்ஸ்! ஜட்சனின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாமே இந்தச் சம்பவத்தைச் சொல்கின்றன.

அந்த வருஷமே ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். டிகிரி முடித்தவர்கள் மேற்கொண்டு படிக்கிற இடம் அது. நம்ம பாஷையில் போஸ்ட் கிராஜுவேட். இந்தியாவில் ஊழியம் செய்தவரான கிளாடியஸ் புக்கானனின் பிரசங்கப் புத்தகம் ஒன்றை அங்கே படித்தார். அவ்வளவுதான், 'கிழக்கே போகணும்' என்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. கூடப் படித்த சிலரையும் அது தொற்றியது.

1810 ஜூனில் பிராட்ஃபோர்டில் கூடிய பாதிரிமார்கள் சபையில் மாணவர்கள் மனு கொடுத்தார்கள். முதலில் ஆறு கையெழுத்து. 'ஆறு பேர் என்றால் பெரியவர்கள் செலவை நினைத்து மிரண்டு விடுவார்கள்' என்று இரண்டு பேரை அடித்துவிட்டு நாலாகக் கொடுத்தார்களாம்! அடிக்கப்பட்ட இருவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். இந்த மனுவிலிருந்துதான் வெளிநாட்டு ஊழியத்துக்கான முதல் அமெரிக்கச் சங்கம் பிறந்தது. சபை கூடிய அதே ஊரில், ஹாசல்டைன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் ஜட்சன் ஆனை முதன்முதலாகப் பார்த்தார். மனுவோடு மனுவாக இதுவும் ஆச்சு!

முதல் பிரயாணமே விவகாரம். 1811-ல் லண்டன் சங்கத்தோடு பேச ஜட்சனை அனுப்பினார்கள். நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து, பயோன் நகரச் சிறையில் போட்டுவிட்டார்கள். எப்படியோ வெளியே வந்து, லண்டன் போய், வேலையை முடித்துக்கொண்டு அதே வருஷம் ஊர் திரும்பினார். 'சரி, கப்பலே வேண்டாம்' என்று நாம் இருந்திருப்போம். மனுஷர் அசரவில்லை.

1812 பிப்ரவரியின் காலண்டரைப் பாருங்கள். 5-ம் தேதி ஜட்சன் - ஆன் கல்யாணம். 6-ம் தேதி சேலம் நகரில் குருப்பட்டம் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்!). 9-ம் தேதி வகுப்புத் தோழர் சாமுவேல் நியூவெல்லுக்கும் ஆனின் சிநேகிதி ஹாரியட்டுக்கும் கல்யாணம். 19-ம் தேதி இரண்டு ஜோடிகளும் 'காரவான்' கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பாடு. ஒருவருடைய வாழ்க்கையின் பெரிய நாட்கள் எல்லாம் இரண்டே வாரத்தில்! ஹாரியட்டுக்கு அப்போது வயசு 18. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. விதவைத் தாய் தடுக்கவில்லை.

நாலு மாசக் கப்பல் பயணம். உடம்பு கெட்டுவிடக் கூடாது என்று டெக்கில் எல்லோரும் ஸ்கிப்பிங் ஆடினார்களாம். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. பின்னால் நடந்தது அப்படி.

ஜூன் 17-ல் கல்கத்தா. இறங்கினவுடனே கிழக்கிந்தியக் கம்பெனி 'கிளம்பு, கிளம்பு' என்றது. 1806 வேலூர்ப் புரட்சியில் சூடு பட்ட கம்பெனிக்குப் பாதிரிமார்கள் என்றாலே அலர்ஜி. போதாக்குறைக்கு, அந்த ஜூனில்தான் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சண்டை மூண்டிருந்தது. நியூவெல் தம்பதி ஆகஸ்டில் மொரீஷியஸ் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். வழியில் ஹாரியட்டுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை. ஐந்தாம் நாள் இறந்தது. கடலில் விட்டார்கள். நவம்பர் 30-ல் போர்ட் லூயியில் ஹாரியட்டும் காசநோயில் போய்விட்டார். வயசு 19. ஊரை விட்டுக் கிளம்பி ஒன்பது மாதம், பதினோரு நாள். எந்த ஊருக்கென்று கிளம்பினாரோ அங்கே ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.

பேரேட்டில் இதை 'வாராக் கடன்' என்று எழுதி மூடிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

மனைவியைப் புதைத்த நியூவெல் அங்கிருந்து இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று ஊருக்கு எழுதினார். 1816-ல் அமெரிக்கர்கள் யாழ்ப்பாணம் வந்தார்கள். அதில் ஒருவர் யார் தெரியுமா? மனுவிலிருந்து பெயர் அடிக்கப்பட்ட அதே ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ்! 1822-ல் அங்கேயே இறந்தார். கூட வந்த இன்னொரு ஆண்டோவர் மாணவர் டேனியல் பூர், 1823-ல் வட்டுக்கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும், கலித்தொகையை அச்சில் ஏற்றியவருமான சி.வை.தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது. 1862-ல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தந்த வின்ஸ்லோவும் ஆண்டோவரில் படித்துவிட்டு யாழ்ப்பாணம் வந்தவர்தான். மதம் பரப்ப வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. அது சரியா தப்பா என்கிற பட்டிமன்றத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ் அகராதியைப் புரட்டுகிறபோது, அதற்குப் பின்னால் மொரீஷியஸில் ஒரு பத்தொன்பது வயசுப் பெண்ணின் கல்லறையும் இருக்கிறது.

ஜட்சன் தம்பதிக்கு வருவோம். கல்கத்தாவில் அவர்கள் பாப்டிஸ்ட் சபைக்கு மாறினார்கள். அதனால் அனுப்பிய சங்கத்தின் சம்பளம் நின்றது. மொரீஷியஸ் போனால், ஹாரியட் இறந்த செய்தி காத்திருந்தது. அங்கிருந்து 1813 ஜூனில் நம்ம சென்னை. இங்கேயும் கம்பெனிக்காரன் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவான் என்று பயம். துறைமுகத்தில் கிடைத்தது ரங்கூனுக்குப் போகும் ஒரு ஓட்டைக் கப்பல். ஏறிவிட்டார்கள். வழியில் ஆனுக்குப் பிரசவம். குழந்தை இறந்தே பிறந்தது.

பர்மாவில் பிறந்த ஆண் குழந்தை எட்டு மாசத்தில் இறந்தது. முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெறவே ஆறு வருஷம் ஆனது. 1824-ல் ஆங்கிலேய - பர்மிய யுத்தம் வந்ததும், வெள்ளைக்காரன் என்றால் ஒற்றன்தான் என்று ஜட்சனைச் சிறையில் அடைத்தார்கள். ஆன் தினம் அதிகாரிகள் வீடு வீடாக அலைந்தார். பைபிள் மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனுக்கு நோய் கண்டு பால் வற்றிப்போக, ஜட்சன் கால் விலங்கோடு கிராமத்தில் பால் கொடுக்கும் தாய்மார்களிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்சினார்.

சண்டை முடிந்து, நிம்மதியாக மூச்சுவிடலாம் என்கிற நேரம். 1826 அக்டோபரில் ஜட்சன் வெளியூரில் இருந்தார். கறுப்பு முத்திரை போட்ட கடிதம் வந்தது. கொண்டு வந்தவர், "உங்க குழந்தை..." என்று இழுத்தார். பிரித்தார் ஜட்சன். போனது குழந்தை இல்லை, ஆன்! அடுத்த ஆறு மாசத்தில் குழந்தையும் போனது.

ஜட்சன் உடைந்து போனார். காட்டுக்குள் குடிசை கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். குழி ஒன்றை வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பிரவுன் கல்லூரி கொடுத்த டாக்டர் பட்டத்தை 1828-ல் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டார். முதல் மார்க் வாங்கிய மாணவர்!

அந்தக் கடிதத்தை இப்போது இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ஆனுக்கு என்னென்ன ஆகும் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஆன் இல்லாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரி கிடையாது. மாணவப் பருவத்தில் யாருக்கும் அந்தக் கலம் கண்ணில் படாது போலிருக்கிறது.

ஆனாலும் எழுந்தார். 1834-ல் பர்மிய பைபிள் மொழிபெயர்ப்பை முடித்தார். பிறகு அகராதி. 1850-ல் வங்காள விரிகுடாவில், கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருக்கிறார். "ரெண்டே வருஷம்ப்பா, எம்.எஸ். முடிச்சுட்டு வந்துடறேன்" என்று பையன் சொல்லிவிட்டுப் போய் பதினாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறார்கள். "வரமாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நானும் மனசைத் தயார் பண்ணியிருப்பேன் சார்" என்றார் ஒருநாள். ஜட்சன் கடிதத்தை அவருக்குச் சொன்னேன். "அந்த அப்பா பொண்ணை மறுபடி பார்த்தாரா?" என்றுதான் முதலில் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மறுபடி பார்க்க முடியாது என்று எழுதப்பட்ட ஆன் 1822-ல் உடம்பு தேற்றிக்கொள்ள அமெரிக்கா வந்து, பிராட்ஃபோர்டில் பிறந்த வீட்டில் இருந்துவிட்டுப் போனார். எழுதிய ஜட்சன் தாய்நாட்டில் கால் வைத்தது 33 வருஷம் கழித்து, 1845-ல். அவருடைய அப்பா, அம்மா இருவருமே அப்போது இல்லை.